ஆறு படம், ஏழு அறை

அவர் எதையும் உறை போடாமல் வைத்திருந்து நான் பார்த்ததில்லை. கைப்பேசிக்கு ரப்பர் உறை, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பை, மழைக்காலமானால் அதற்கும் மேல் இன்னொரு பை. யாராவது அழைத்தால் அவர் ஒவ்வொன்றாக உரித்து எடுப்பதற்குள் மணி நின்றுவிடும். கால்குலேட்டரின் மேல் கடையிலிருந்து ஒட்டி வந்த மெல்லிய தாளைப் பத்து வருடமாகப் பிரிக்கவில்லை. குடைக்கு உறை, அந்த உறை நனையாமலிருக்க ஒரு துணிப்பை. வெங்காயத்துக்குக்கூட இத்தனை தோல் கிடையாது என்று நான் கிண்டல் செய்வேன். அவருக்குக் கோபம் வராது. “பத்திரமா இருக்கட்டும் தங்கச்சி, நமக்கென்ன நஷ்டம்” என்பார்.

பத்திரம் என்ற அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறார் என்று ஒருநாள் எண்ண ஆரம்பித்தேன். காலைச் சாயாவுக்குள் முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மேல்மாடியை நாங்கள் இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்து எட்டு வருடம் தொழில் செய்தோம். அவர் பெட்டி செய்வார். பெட்டியின் மேல் வரும் படத்தையும் எழுத்தையும் நான் செய்வேன். சுற்றுலாக்காரர்கள் வாங்கிப்போகும் ஏலக்காய்க்கு, அத்தர் குப்பிக்கு, கல்யாணப் பட்டுப்புடவைக்கு என்று எந்தப் பெட்டி வந்தாலும் எடுத்துக்கொள்வோம். என் அப்பா கம்பத்திலிருந்து காய்கறி வியாபாரத்துக்கு இங்கே வந்தவர். நான் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் அம்மா கொடுத்தது. அவருடைய குடும்பம் நான்கு தலைமுறைக்கு முன்பே வந்துவிட்டது. என் தமிழில் மண்டி வாடை அடிக்கிறது என்று அவர் சொல்வார். அவர் தமிழில் தேங்காய்ப்பால் கொஞ்சம் அதிகம் என்று நான் சொல்வேன்.

ஒரு பெட்டி முடிந்ததும் அதற்குள் ஒரு கோழிமுட்டையை வைத்து மூடி, மாடிப்படியின் உச்சியிலிருந்து உருட்டிவிடுவது அவர் வழக்கம். பதினேழு படி. கீழே மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, உடையும் உடையாது என்று ஒரு சாயாவுக்குப் பந்தயம் கட்டுவார்கள். கடைசிப் படியில் வந்து நின்ற பெட்டியை எடுத்துக் காதருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெல்லக் குலுக்கிக் கேட்பார். “உள்ள இருக்கிறது அனங்கக் கூடாது. அனங்கினாத்தான் உடையும், கேட்டோ” என்பார். முட்டை அசையவில்லை என்றால் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். எட்டு வருடத்தில் இரண்டே முட்டைதான் உடைந்தது. அந்த இரண்டு நாளும் அவர் யாரோடும் பேசவில்லை.

என் மகள் ஆறாம் வகுப்பில் ஐஸ் குச்சிகளால் தோப்பும்படிப் பாலத்தைச் செய்தாள். அதைப் போட்டிக்காகக் காக்கநாடு வரை இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோக வேண்டும். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதற்கு ஒரு பெட்டி செய்தார். பாலத்தின் ஒவ்வொரு தூணுக்கும் அட்டையில் ஒரு பள்ளம். அங்கே போய்த் திறந்தபோது ஒரு குச்சி நகரவில்லை. மகள் அந்தப் பெட்டியைத்தான் எல்லோருக்கும் காட்டினாளாம். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. பின்னால் நடந்ததை வைத்து அதை இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை.

மதியம் சரியாகப் பன்னிரண்டேகாலுக்குச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார். சாவிக்கும் பைதான், மூன்று பை. வாய்க்கால் ஓரச் சந்தில் பக்கத்திலேயே வீடு. ஒன்றேகாலுக்குத் திரும்பிவிடுவார். எந்த வேலையும் அந்த நேரத்தைத் தொட அவர் விட்டதில்லை. அச்சகத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலும் பாதியில் விட்டு ஆட்டோ பிடித்துப் போவார். வீட்டில் அவர் மனைவி மட்டும்தான். அவளுக்குச் சுகமில்லை, வெளியில் இறங்கினால் பேடிச்சுப் போவாள், பயந்து நடுங்குவாள் என்று சொல்லியிருந்தார். காலையில் எழுந்து சமைத்து, மதியம் போய்ப் பரிமாறி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வருவார். நாங்கள் யாரும் அந்த அம்மாளைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. நோயாளியைப் போய் என்ன பார்ப்பது?

என் வீட்டுக்காரர் கோட்டைக் கொச்சியில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலை செய்கிறவர். சண்டை வரும்போதெல்லாம் நான் என் தொழில் கூட்டாளியை இழுப்பேன், சேட்டன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன், அண்ணன் மாதிரி. மனுஷன் என்றால் அப்படி இருக்க வேண்டும், பெண்டாட்டியை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார் என்பேன். ஒருநாள் வீட்டுக்காரர் தோசை தின்றுகொண்டே, தலையைத் தூக்காமல், “அந்தம்மாவ ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு” என்றார். பொறாமை என்று நினைத்தேன்.

பூனைக்குட்டி விஷயத்தையும் சொல்ல வேண்டும். கிடங்குப் பூனை மூன்று குட்டி போட்டது. இரண்டைத் தெருநாய் கொண்டுபோயிற்று. மூன்றாவதை அவர் மாடிக்குத் தூக்கி வந்தார். அதற்கு ஒரு பெட்டி செய்தார். காற்றுக்கு இருபத்துநான்கு துளை, எல்லாம் ஒரே அளவு. தரையில் பஞ்சு. பெட்டியைத் திறக்காமலே பால் கிண்ணம் உள்ளே போக, அடியில் நீளமாக ஓர் இடைவெளி. அப்படி ஒரு பெட்டியில் என்னையே வைத்தாலும் இருப்பேன், அவ்வளவு அழகு. குட்டி நான்கு நாள் கத்தியது. ஐந்தாம் நாள் கத்துவதை நிறுத்திவிட்டது. “பழகிடுச்சு பாத்தியா” என்று சந்தோஷப்பட்டார்.

எனக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. மதியம் அவர் வீட்டுக்குப் போனதும் மூடியைத் திறந்தேன். குட்டி வெளியே வரவில்லை. மூலையில் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. நானாகத் தூக்கிப் படியில் வெயில் விழுந்த இடத்தில் விட்டேன். கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு படபடவென்று இறங்கி நேரே பஜார் ரோட்டுக்கு ஓடியது. அங்கே சரக்கு ஆட்டோக்கள் எப்படிப் போகும் என்று மட்டாஞ்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் திரும்பி வந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. பட்டுப்புடவைக்கு வைக்கும் மெல்லிய தாளை எடுத்துக் குட்டியைச் சுற்றினார். சின்னதாக ஒரு பெட்டி மடித்து, நான்கு மூலையையும் நகத்தால் நீவி, அதில் வைத்து மூடினார். எல்லாம் முடிந்தபிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“அடைச்சு வச்சவன் கொல்லல தங்கச்சி. திறந்தவங்கதான் கொன்னது.”

நான் திறந்தேன், அது செத்தது, அவ்வளவுதான் அன்று எனக்குத் தெரிந்தது. அதன்பிறகு வெகுநாள் நான் எதையும் அவரைக் கேட்காமல் திறந்ததில்லை, கோந்து டப்பாவைக்கூட.

அந்தச் சினிமாப் பெட்டி வேலை வந்தது அதற்கு அடுத்த வருடம். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுப் பழைய சினிமாப் படங்களைத் தேடிச் சுத்தம் செய்து டிவிடி வட்டாக வெளியிடும் ஒருவர் வந்தார். தாடியும் முதுகில் பையுமாக ஒரு நிமிடம் உட்கார மாட்டார். தமிழிலும் மலையாளத்திலுமாக ஆறு கறுப்பு வெள்ளைப் படங்களைத் தொகுத்து வைத்திருந்தார். ஆறிலும் ஒரு பழைய வீடு, ஆறிலும் யாரும் திறக்கக் கூடாத ஒரு கதவு. வெளிநாட்டிலிருக்கும் சேகரிப்பாளர்கள் அலமாரியில் எடுத்து வைத்துப் பெருமைப்படுகிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும் என்றார்.

மூன்று மத்தியானம் ஜன்னலைச் சாக்கால் மறைத்துக்கொண்டு ஆறு படத்தையும் பார்த்தோம். நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அட்டைக்குப் படம் வேண்டுமே. அவர் முகம் ஒன்றையும் பார்க்கவில்லை. கதவு வரும்போதெல்லாம் நிறுத்தச் சொல்லி, திரையிலேயே ஸ்கேலை வைத்து அளந்தார். ஒரு படத்தில் கதாநாயகி பூட்டிய அறையிலிருந்து தப்பித்து ஓடுவாள். கீழே கிடங்கில் சாயா கொண்டு வந்த சேச்சிகூட எட்டிப் பார்த்துக் கைதட்டினாள். அவர் மட்டும், “இதைச் செய்தவனுக்குக் கதவு அறியாது. அந்தக் கீல் இப்படி விட்டுப் போகாது” என்று முணுமுணுத்தார். அவர் குரலில் இருந்தது தொழில்காரனின் எரிச்சல் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

மாதிரிப் பெட்டியை அவர் வீட்டில் வைத்துச் செய்தார். இரண்டு வாரம் கழித்து, வழக்கம்போல நான்கைந்து உறைகளை உரித்து, மேஜைமேல் வைத்தார். பெட்டியே ஒரு வீடு. ஓட்டுக் கூரையைத் தூக்கினால் படங்களைப் பற்றிய புத்தகம். முன் சுவரைத் திறந்தால் உள்ளே அறைகள். ஒவ்வோர் அறையும் ஓர் இழுப்பறை, ஒவ்வோர் இழுப்பறைக்குள்ளும் ஒரு படத்தின் வட்டு. இடதுபுறம் ஏறும் படிக்கட்டு, அடுக்களைப் புகைபோக்கி, முன்பக்கம் மூன்று ஜன்னல். நடு ஜன்னலின் ஒரு கதவு மட்டும் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நுணுக்கமாக யார் செய்வார்கள்?

காக்கநாட்டுக்காரர் அந்தப் பெட்டி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு எண்ணிப் பார்த்தார். படம் ஆறு, அறை ஏழு.

ஏழாவது அறை பின்பக்கம் இருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. அடுக்களையைத் தாண்டிக் குறுகிய இடைவழி வழியாகப் பார்க்க வேண்டும். அதற்குச் சின்னதாக ஒரு கதவு. கதவின் வெளிப்பக்கம் பித்தளைக் கம்பியில் உண்மையாகவே நகரும் ஒரு தாழ்ப்பாள். உள்ளே எதுவும் இல்லை. இது எதற்கு என்று காக்கநாட்டுக்காரர் கேட்டார்.

“வீடுன்னா ஒரு அறை கூடுதல் வேணும் சாரே” என்றார் சேட்டன். காக்கநாட்டுக்காரருக்கு அந்தப் பதில் ஏதோ தத்துவம்போலப் பட்டு மிகவும் பிடித்துவிட்டது. காலியாகவே இருக்கட்டும் என்றார்.

சரிபார்ப்பது என் வேலை. மாதிரியை எடுத்துவைத்து, படங்களோடு ஒப்பிட்டு, தப்பு இருந்தால் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவேன். ஏழாவது அறையில் இரண்டு வட்டம் போட்டேன். ஆறு படத்தில் ஒன்றில்கூடத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் வரவில்லை. பூட்டிய அறையில் அது பூட்டுதான், சாவியோடு. பின்கட்டு அறை வரும் கடைசிப் படத்தில் அந்தப் பெண் தானே உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்வாள். ஆகவே தாழ்ப்பாள் உள்ளே வர வேண்டும். இது முதல் வட்டம். இரண்டாவது, இழுப்பறையை இழுக்க விரல் நுழையும் பள்ளம். அது எப்போதும் நடுவில் அரைவட்டமாக இருக்கும். இவர் கதவின் அடியில், தரையோடு தரையாக, நீளமாக வெட்டியிருந்தார். அங்கே எந்த விரலும் போகாது.

அவரிடம் காட்டினேன். வட்டங்களை வெகுநேரம் பார்த்தார்.

“தப்பில்ல தங்கச்சி. அளவு சரியாணு. நான் அளந்ததுதான்.”

“எதை அளந்தீங்க? படத்துல இப்படி இல்லையே.”

அவர் கதவின் அடியிலிருந்த இடைவெளியைச் சுண்டுவிரலால் ஒருமுறை தடவினார். அப்போது அவர் முகத்தில் வந்தது சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். முட்டை உடையாமல் படியிறங்கி வந்தால் வருமே, அந்தச் சிரிப்பு. நான் சிவப்புப் பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.

காக்கநாட்டுக்காரர் என் பக்கம் பேசினார். படத்தில் இல்லாததைப் போட்டால் சேகரிப்பாளர்கள் கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்றார். “பெட்டிதானே. திருத்திக்கோ” என்று சேட்டனும் விட்டுவிட்டார். நான் பித்தளைக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளை வரைந்து சேர்த்தேன். அடியிலிருந்த இடைவெளியை அடைத்து, நடுவில் அரைவட்டம் வெட்டச் சொன்னேன். நல்ல திருத்தம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஏழு வாரம் போயிற்று. அந்த ஏழு வாரமும் அவர் மதியம் பன்னிரண்டேகாலுக்குச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தோப்பும்படி அச்சகத்தில் அட்டை வெட்டிக்கொண்டிருந்த அன்று, பதினொன்றரை மணி இருக்கும், சேட்டன் கையில் பிடித்திருந்த தாள் நழுவிற்று. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். உள்ளே கொண்டுபோகும்போது இடது கையால் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நர்ஸ் அந்தக் கையைப் பிரித்து, உள்ளே இருந்ததை என்னிடம் கொடுத்தாள். சாவிப்பை.

அவர் வீட்டில் யாராவது போய்ச் சொல்ல வேண்டுமே, பெண்பிள்ளை போனால்தான் சரி என்று என்னை அனுப்பினார்கள். மணி இரண்டாகிவிட்டது. சேட்டன் வீட்டு வாசலில் நின்று மூன்று பைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தேன். அப்போதுதான் நிமிர்ந்து வீட்டைப் பார்த்தேன். முன்பக்கம் மூன்று ஜன்னல். நடு ஜன்னலின் ஒரு கதவு கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அந்த வீட்டுக்குள் அதற்கு முன்னால் போனதே இல்லை. ஆனால் எனக்கு வழி தெரிந்தது. இடதுபுறம் படிக்கட்டு. நேரே போனால் அடுக்களை. அடுக்களையைத் தாண்டிக் குறுகிய இடைவழி. அங்கே வெளிச்சம் இல்லை. எனக்கு அப்படி ஒரு பயம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. திரும்பி ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் என் காலடிச் சத்தம் கேட்டுவிட்டது போலிருக்கிறது. கதவின் அடியிலிருந்த நீள இடைவெளி வழியாக, கழுவித் துடைத்த ஓர் எவர்சில்வர் தட்டு தரையில் உரசிக்கொண்டு வெளியே வந்தது.

“இன்னைக்கு நேரமாயிடுச்சே” என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. குற்றம் சொல்கிற குரல் இல்லை. சும்மா கேட்கிற குரல்.

தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அதற்கும் உறை தைத்துப் போட்டிருந்தார், சத்தம் வராமல். அதன்மேல் கையை வைத்துவிட்டு நான் நின்றேன். கண்முன்னே படியில் நடுங்கிக்கொண்டு நின்ற பூனைக்குட்டிதான் வந்தது. திறந்தவங்கதான் கொன்னது என்று அவர் சொன்னது அந்த இருட்டில் என் காதில் கேட்டது. அவளுக்கு நிஜமாகவே ஏதாவது நோயாக இருந்தால்? நான் திறந்து, அவள் ஓடி, எங்காவது போய் விழுந்தால்? அவருக்கு ஒரு நியாயம் இருந்திருக்கக் கூடாதா? இதையெல்லாம் அந்தக் கதவின் முன்னால் நின்று யோசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் யோசித்தேன்.

பிறகு திறந்தேன்.

என்னைவிடச் சிறியவள். தலை வாரி, துவைத்த நைட்டியில், கதவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளிச் சுவரோடு நின்றாள். அறை சுத்தமாக இருந்தது. கட்டிலுக்கு உறை, டிவிக்கு உறை, மின்விசிறியின் இறக்கைகளுக்குக்கூட உறை. பின்னால் ஒரு குளியலறை. ஜன்னலைத் தடிமனான அட்டையால் அடைத்திருந்தார். அட்டையின் நான்கு மூலையும் ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்து ஒட்டியிருந்தது. எட்டு வருடமாக நான் வாயாரப் புகழ்ந்த அதே மூலை மடிப்பு.

“சேச்சி யாரு? அவரு வரலையா?”

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நீங்கள் வெளியே வாருங்கள் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் திறந்து கிடந்த கதவைத்தான் பார்த்தாள்.

“கதவைச் சாத்துங்க. சாத்திட்டுப் பேசலாம். திறந்து கெடந்தா எனக்குப் பேடியாவுது.”

நான் சாத்தவில்லை. ஆனால் உள்ளே போய் அவளை இழுக்கவும் இல்லை. பூனைக்குட்டியைத் தூக்கி வெயிலில் விட்டது போதும். நிலைப்படியில், கதவு மூட முடியாதபடி குறுக்காக உட்கார்ந்துகொண்டேன். என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, சோறு கொண்டுவரச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, அரைமணியில் வந்துவிட்டார். அவள் சாப்பிட்டாள். வைப்பின் தீவில் அவளுக்கு ஓர் அக்கா இருப்பதாகச் சொன்னாள். என் வீட்டுக்காரர் அங்கேயிருந்தே படகேறிப்போய், விசாரித்து, சாயங்காலத்துக்குள் அந்த அக்காவைக் கூட்டி வந்தார். தங்கையைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகிறது என்றாள் அக்கா. ஒவ்வொரு விஷுப் பண்டிகைக்கும் சேட்டன் பலகாரத்தோடு வருவாராம், அவளுக்கு யாரையும் காண இஷ்டமில்லை என்று சொல்லிக் கண்கலங்குவாராம். பலகாரம் கொண்டுவந்த பெட்டிகளை அழகாக இருக்கிறதே என்று இவர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள். அக்கா வாசலில் நின்று கூப்பிட்டபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினாள்.

போலீஸ் வந்தது. பேச்சில்லாமல் கிடக்கிறவரிடம் அவர்கள் என்ன கேட்பார்கள்? எழுதிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். ஏன் அந்த அறையை எங்கள் கண்முன்னே செய்து வைத்தீர்கள், யாராவது பார்க்கட்டும் என்றா, இல்லை இதுவும் உங்கள் நல்ல வேலைகளில் ஒன்று என்றா? அந்தச் சிரிப்பை நினைத்தால் இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் என்னைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தார். வலது பக்கம் முழுக்கச் செத்துக் கிடந்தது. இடது கையின் இரண்டு விரலைப் படுக்கை விரிப்பின் மேல் மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். தாழ்ப்பாள். போட்டாயா என்று கேட்கிறார்.

மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கோ போயிற்று. “போட்டிருக்கு சேட்டா. பத்திரமா இருக்காங்க” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இரக்கமாக இருக்கலாம். அவரைப் பார்த்துப் பயந்ததாகவும் இருக்கலாம். மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

பெட்டி வெளியாயிற்று. காக்கநாட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும்; நிறுத்திவிடலாமா என்று என்னைக் கேட்டார். அச்சடித்தாயிற்று, என்ன செய்வது என்றேன். சேகரிப்பாளர்கள் கொண்டாடினார்கள். உள்ளே எங்கள் இருவர் பெயரும் அடுத்தடுத்து இருக்கிறது.

ஒரு வருடம் கழித்து வைப்பினுக்குப் போனேன். அவள் நன்றாக இருந்தாள். கோழிக்குத் தீனி போடுகிறாள், முற்றத்துக்கு வருகிறாள், படகுத்துறை வரை அக்காவோடு ஒருமுறை போயிருக்கிறாள். ராத்திரி மட்டும் அறையை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடச் சொல்வாள், இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று அக்கா தணிந்த குரலில் சொன்னாள். அந்தப் பெட்டியைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொண்டுவாருங்கள் என்று கேட்டனுப்பியதே அவள்தான். கொடுக்கலாமா என்று பயந்துகொண்டேதான் எடுத்துப் போயிருந்தேன்.

மடியில் வைத்துக்கொண்டு கூரையைத் தூக்கினாள். முன் சுவரைத் திறந்தாள். படிக்கட்டை விரலால் ஏறிப் பார்த்தாள். நடு ஜன்னலின் தொங்கும் கதவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், கல்யாணம் ஆகி வந்த வருடமே அது அப்படித்தான் இருந்தது என்றாள். அடுக்களையைத் தாண்டி அவள் விரல் பின்பக்கம் போயிற்று. சின்னக் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து உள்பக்கத்தைப் பார்த்தாள். நான் வரைந்த தாழ்ப்பாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

“எல்லாம் சரியா செய்திருக்காரு சேச்சி. இது ஒண்ணு மட்டும் தப்பு. இது வெளியிலதானே இருந்தது?”

திருத்தியது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.